கேட்கும் இடம், செய்யும் இடம், உண்ணும் இடம்



அறிவியலை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஊருக்கு ஊர் அறிவியல் உரைகள் நடக்கின்றன. இளநிலை மாணவர்களுக்குக் கோடைகால ஆய்வுப் பயிற்சிகள் அறிவிக்கப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் உரை கேட்க வந்த ஏழைப் பிள்ளை ஆய்வாளராக ஆவதற்கு இடையில் எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டும் என்பதை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

1812ஆம் ஆண்டு, இலண்டன். மைக்கேல் ஃபாரடேக்கு வயது இருபது. கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய வேதியியல் உரைகளுக்கு வசதியுள்ளவர்களே திரண்டு வந்தார்கள். கடை வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டு கொடுத்ததால் ஃபாரடே நான்கு உரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 25 ஷில்லிங் ஊதியம். மேல்மாடியில் தங்க இரண்டு அறைகள். எரிக்க நிலக்கரி, படிக்க மெழுகுவத்தி. 1831இல் காந்தத்தைக் கொண்டு மின்னோட்டம் உண்டாக்கும் வழியைக் கண்டவர் இவர்தான்.

உழைத்தால் உயரலாம் என்று பாடப்புத்தகம் இந்தக் கதையை முடித்துவிடும். நாம் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு அவரை அரங்குவரைதான் கொண்டுவந்தது. ஊதியமும் தங்குமிடமும் கையில் கிடைத்த கருவிகளும்தான் அவரை ஆய்வாளராக்கின. அப்போதும் சாப்பாட்டு மேசை திறக்கவில்லை. டேவி தம்பதியருடன் ஐரோப்பாவுக்குப் போனபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்களோடு உண்ண வைத்தார். அது வர்க்க இழிவு. புகழ் வந்தபின் ஃபாரடேயால் அதைக் கடக்க முடிந்தது.

அதே ராயல் இன்ஸ்டிடியூஷனை முன்மாதிரியாக மனத்தில் வைத்து, மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தைத் தொடங்கினார். பொதுமக்களுக்கான உரைகளே அதன் தொடக்ககாலத்தின் முக்கியப் பணி. ஆக, கேட்கும் இடம் நம் நாட்டிலும் உருவாகிவிட்டது. மற்ற இடங்கள்?

1911இல் அந்த நகருக்கு மேகநாத் சாகா படிக்க வந்தார். டாக்காவுக்கு அருகில் ஒரு சிற்றூர். தந்தை சிறு கடைக்காரர். மேல்சாதியார் தாழ்வாக நடத்திய சமூகம். பள்ளி நாட்களில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தபோதே நிபந்தனை இருந்தது: தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவருக்கு ஆசிரியர்கள். வகுப்பறை திறந்திருந்தது. ஆய்வகம் திறந்திருந்தது. ஈடன் இந்து விடுதியிலோ சக மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தார்கள். கல்விக்குத் தெய்வம் என்று சொல்லிக் கும்பிடும் சரஸ்வதி பூசையிலும் அவரை ஒதுக்கினார்கள்.

1920இல் அந்த சாகாதான், விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிசெய்த சமன்பாட்டை உலகுக்குக் கொடுத்தார். பின்னாளில் சர்க்கார் தொடங்கிய கழகத்துக்கே தலைமையேற்றார். சாகா தலித் அல்லர். அவருக்கே இந்த நிலை என்றால், சேரியிலிருந்து வந்த பிள்ளையின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. விடுதியிலும் உணவுக்கூடத்திலும் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை அது பதிவுசெய்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வளாகத்தில் கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டார்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரிக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் இறந்தார். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத வேண்டும் என்பதே தன் ஆசை என்று கடைசிக் கடிதத்தில் அவர் எழுதியிருந்தார். உதவித்தொகை பாக்கியைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதவேண்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: உரையரங்கில் இலவச நாற்காலி கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. மாணவர்களே, ஆய்வுப் பயிற்சி அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதித்தர ஆளில்லாத மாணவரை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்? கோடையில் கூலி வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கும் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டா, அது எந்தத் தேதியில் கைக்கு வரும்? தங்குமிடத்தில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? தோழர்களே, பதில் வராவிட்டால் அதே கேள்விகளோடு மாணவர்களுடன் நாமும் போய் நிற்போம்.

ஜெய்பீம்.