டீசல்: ஒரு குடும்பப் பெயர் நம் தொழிலின் பெயரான வரலாறு

டீசல் மெக்கானிக் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு மனிதரின் குடும்பப் பெயரைச் சொல்கிறோம். எண்ணெய்க்கு அந்தப் பெயர் பின்னால்தான் வந்தது. முதலில் அது இன்ஜினின் பெயர். அதற்கும் முன்பு, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலிருந்து பாரிசுக்குப் பிழைக்கப் போன புத்தகக் கட்டுநர் ஒருவரின் வீட்டுப் பெயர்.

அவருடைய மகன் ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிசில் பிறந்தார். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே மூண்ட போர் அக்குடும்பத்தை ஊரைவிட்டே விரட்டியது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆக்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். பின்னர் மியூனிக்கில் பேராசிரியர் லிண்டேயின் மாணவரானார். நீராவி இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று வகுப்பில் கேட்டது அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

காற்றை மிக அழுத்தினால் அது கடுமையாகச் சூடாகும்; அதில் எண்ணெயைத் தெளித்தால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். இந்த எண்ணத்துக்கு 1893-இல் காப்புரிமை கிடைத்தது. எண்ணத்தை இரும்பாக்கத் துணிந்தவர் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் பூட்ஸ். க்ருப் நிறுவனமும் பணம் தந்தது. பூட்ஸின் பொறுமை இல்லையென்றால் இன்று நம் தொழிலே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் சோதனையில், அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் உயிர் தப்பினார்கள். திருத்திய இன்ஜினை 1894 பிப்ரவரி 17 அன்று பட்டறைத் தண்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுழற்றினார்கள். திடீரென்று பெல்ட்டின் இழுக்கும் பக்கம் தொய்ந்தது. இன்ஜின் தானே இழுக்கத் தொடங்கிவிட்டது! அதை முதலில் கண்ட மெக்கானிக் லிண்டர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார். அது ஓடியது ஏறத்தாழ ஒரு நிமிடம். வேகம் நிமிடத்துக்கு 88 சுற்று.

இன்னும் மூன்று ஆண்டுகள் உழைத்தார்கள். 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்தபோது திறன் 26.2 சதவீதம். அன்றைய எந்த நீராவி இன்ஜினும் எட்டாத அளவு அது. ஆனாலும் ஓயாத தலைவலியும் கடனும் டீசலை வாட்டின. 1913 செப்டம்பரில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து இரவில் அவர் காணாமற்போனார். வயது 55.

அவர் காணாத வெற்றிகள் பல. 1924-இல் அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலை டீசல் லாரியைக் காட்சிக்கு வைத்தது. 1927-இல் பாஷ் நிறுவனத்தின் பம்ப் வந்தது. பழைய இன்ஜின்களில் எண்ணெயை ஊதித் தெளித்த கனத்த கம்ப்ரெஷருக்கு வேலையில்லாமற் போயிற்று. 1936-இல் மெர்சிடிஸ் டீசல் கார்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாசிலையும் பம்பையும் கழற்றக் கற்றுக்கொடுக்கும் மூத்தவர்கள், ருடால்ஃப் டீசல், பூட்ஸ், லிண்டர் என்ற மூன்று பெயர்களையும் முதல் நாளிலேயே சொல்லித்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.