ஃபார்ச்சூனர் ஓடுகிறது, எண்டெவர் ஏன் நின்றது?

சனி, ஞாயிறு வந்துவிட்டால் புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளில் நடக்கக்கூட இடம் இருக்காது. சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் கொண்டுவந்து நிறுத்தும் வண்டிகள்தான் காரணம். அந்தக் கூட்டத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் இரண்டு வண்டிகளை எல்லோருக்கும் தெரியும். ஒன்று டொயோட்டா ஃபார்ச்சூனர், இன்னொன்று ஃபோர்டு எண்டெவர். ஒன்று பெங்களூரை அடுத்த பிடதியில் பிறந்தது. மற்றொன்று செங்கல்பட்டு போகும் வழியில் உள்ள மறைமலை நகரில் பிறந்தது. பிடதி வண்டி இன்றும் புதிதாக வந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்து ஊர் வண்டியோ செகண்ட் ஹேண்டில் மட்டும்தான் கிடைக்கும். அப்படியானால் எண்டெவர் மட்டமான வண்டியா? இல்லவே இல்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

இரண்டும் ஒரே ஜாதி

இரண்டுமே பிக்கப் வண்டிக்குப் பிறந்த பிள்ளைகள். எண்டெவருக்கு அடிப்படை ஃபோர்டு ரேஞ்சர், ஃபார்ச்சூனருக்கு டொயோட்டா ஹைலக்ஸ். லாரிக்கு இருப்பது போல அடியில் தனி சேஸிஸ், அதன் மேல் பாடி, ஏழு பேருக்கு இருக்கை, பெரிய டீசல் என்ஜின். வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்ற வண்டியைத்தான் ஃபோர்டு இங்கே எண்டெவர் ஆக்கியது.

முதலில் வந்தது எண்டெவர், 2003-ல். அதற்கு முன்பே 1995-ல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குள் வந்த ஃபோர்டு, எஸ்கார்ட், ஐகான் என்று கார்கள் விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எண்டெவர் அளவுக்குப் பெரிய வண்டி இங்கே தயாராவது அபூர்வம். ஆறு வருடம் கழித்து, 2009-ல் ஃபார்ச்சூனர் வந்தது. 3.0 லிட்டர் டீசல், 171 குதிரைத் திறன். முன்னால் ஓடியவரைப் பின்னால் வந்தவர் சீக்கிரமே முந்திவிட்டார்.

2016: நேருக்கு நேர்

அசல் போட்டி 2016-ல்தான். ஜனவரியில் புது எண்டெவர், நவம்பரில் புது ஃபார்ச்சூனர். எண்டெவரின் 3.2 லிட்டர் என்ஜினுக்கு ஐந்து சிலிண்டர், 200 குதிரைத் திறன், 470 நியூட்டன் மீட்டர் இழுவை. ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசலுக்கு 177 குதிரைத் திறன். எண்டெவரின் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்கியதால் ஊருக்குள் ஒரு விரலால் திருப்பலாம். மணல், சேறு, பாறை என்று தரைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஒரு திருகு உண்டு. 800 மில்லி மீட்டர் ஆழத் தண்ணீரிலும் இறங்கி ஏறும். காகிதத்தில் பார்த்தால் எண்டெவர் பக்கம்தான் தராசு சாயும்.

ஆனால் விற்பனையில் ஃபார்ச்சூனர்தான் முன்னால் போனது. முப்பது லட்சம் போட்டு வாங்குபவர் என்ஜினை மட்டும் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும், சர்வீஸ் சென்டர் எத்தனை தூரம், பார்ட்ஸ் உடனே வருமா என்றெல்லாம் பார்க்கிறார். இங்கே டொயோட்டாவின் பெயர் பேசியது. 2000-ல் வந்த குவாலிஸும் 2005-ல் வந்த இன்னோவாவும் டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, அந்த நம்பிக்கையை முன்கூட்டியே சம்பாதித்து வைத்திருந்தன.

வாங்குபவரின் கணக்கில் வரியும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியை ஒப்படைத்த பிறகு, 1963-ல் யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு வாகன வரி தனி. இந்த விலை வண்டிகளுக்குக் கேரளாவில் வரி விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே அதைவிட மிகக் குறைவு. பொய் முகவரி கொடுத்து பி.ஒய். நம்பர் வாங்கினார்கள் என்று 2017-ல் கேரளாவில் வழக்குகளே பதிவாயின. ஆனால் இந்தச் சலுகை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். ரீசேல் விலைதான் ஒன்றல்ல.

கம்பெனியின் கணக்கு

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பாடம் இது. ஒரு தொழிற்சாலை நூறு வண்டி செய்தாலும் ஆயிரம் வண்டி செய்தாலும் நிலையான செலவு மாறாது. அதை எத்தனை வண்டிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதே கேள்வி. டொயோட்டாவில் இன்னோவாவும் ஃபார்ச்சூனரும் ஒரே குடும்ப சேஸிஸில் உருவானவை. 2016-ல் வந்த 2.8 லிட்டர் என்ஜினும் இரண்டுக்கும் பொது. ஆகவே சாலையில் ஓடிய ஒவ்வொரு இன்னோவாவும் ஃபார்ச்சூனரின் செலவில் ஒரு பங்கைச் சுமந்தது. எண்டெவருக்கு இங்கே அப்படி ஒரு கூடப்பிறந்தவர் இல்லை. ரேஞ்சர் இந்தியாவில் விற்கப்படவில்லை. ஃபிகோ, எக்கோஸ்போர்ட் எல்லாம் வேறு ஜாதி, சிறிய வண்டிகள்.

அந்தச் சின்ன வண்டிகளும் போதுமான அளவு விற்கவில்லை. 2015-ல் குஜராத்தின் சனந்தில் இரண்டாவது தொழிற்சாலையைத் திறந்த ஃபோர்டு, வருடத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் செய்யும் திறனை வைத்துக்கொண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தியது. 2019-ல் மஹிந்திராவோடு மீண்டும் பேசிய கூட்டு 2020 கடைசி நாளில் முறிந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று அறிவிப்பு வந்தது: பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இனி இந்தியாவில் உற்பத்தி இல்லை. நன்றாக இருந்த எண்டெவரும் அதோடு போயிற்று.

அடி யாருக்கு?

சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. 170 டீலர்கள் 2,000 கோடி ரூபாய் முதலீடு செய்திருப்பதாகவும், அவர்களிடம் 40,000 பேர் வேலை பார்ப்பதாகவும் டீலர்கள் சங்கம் சொன்னது. மறைமலை நகர் தொழிலாளர்கள் நல்ல இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் செய்த வண்டியில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அவர்கள் கையில் இல்லாத ஒரு கணக்கு அவர்கள் வேலையை எடுத்துக்கொண்டது.

அந்த இடம் முழுக்க இறந்துவிடவில்லை. 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் அங்கே என்ஜின்கள் தயாராகும் என்பது திட்டம். திரும்பி வருவது என்ஜின்தான், எண்டெவர் இல்லை.

எந்த வண்டி உசத்தி என்ற சண்டை டீக்கடையிலும் கல்லூரி வாசலிலும் தீராது. ஓட்டிப் பார்த்து எண்டெவருக்கு ஓட்டுப் போடுபவர்கள் இன்னும் நிறைய. ஆனால் ஒரு வண்டி நல்லதாக இருப்பது வேறு, அது நிலைத்து நிற்பது வேறு. முதலாவதை என்ஜினீயர் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு, ஷோரூமில் அதன் பக்கத்தில் நிற்கும் மற்ற வண்டிகளும் விற்றாக வேண்டும்.