பதிமூணு வருஷம் காத்திருந்த பாதிரியார்

நம்ம தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்துச்சு. அந்தச் சேலத்துக்கு 1623-ல் வந்தவர், 'தத்துவ போதகர்' ராபர்ட் டி நொபிலி.

மதுரையில் காவி கட்டினார். புதுக் கிறிஸ்தவர்களுக்குப் பூணூல், குடுமியை அனுமதித்தார். 1610-ல் சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவா பேராயரும் எதிர்த்தார்.

நொபிலி சேசு சபையை விட்டுப் போகலை. கடவுள் பார்த்துப்பார்னு சும்மாவும் இருக்கலை. லத்தீனில் விளக்கம் எழுதி அனுப்பினார், காத்திருந்தார். 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார்.

ஆனா ஒண்ணு. உயர்சாதிக்குத் தனிக்கோயில் வச்சவரும் அவர்தான். ரோம் அனுமதிச்சதாலயே அது நியாயம் ஆயிடாது. அந்தச் சாதிக் கணக்கு இன்னும் தீரலை.