மூன்று கேமராவும் முந்நூறு பேரும்

1951-இன் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் தலைநகரம் நியூயார்க். நாடகமோ நகைச்சுவையோ, அங்குள்ள ஸ்டுடியோவில் நடிகர்கள் நடிக்க நடிக்க அது வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். மேற்குக் கடற்கரைக்கு அப்போது நேரடி இணைப்பு கிடையாது. ஆகவே ஒரு டி.வி. திரைக்கு முன்னால் சினிமா கேமராவை நிறுத்தி, திரையில் ஓடுவதைப் படம்பிடித்து, அந்தச் சுருளைக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர்கள் பார்த்ததெல்லாம் சாம்பல் பூத்த நகல்தான். பல நிகழ்ச்சிகளுக்கு அந்த நகலும் மிஞ்சவில்லை. உலகின் முதல் தொலைக்காட்சி சிட்காம் என்று பெயர் பெற்றது, பிபிசி 1946-இல் தொடங்கிய 'பின்ரைட்ஸ் புராக்ரஸ்'. அதில் ஒரு காட்சிகூட இன்று பார்க்கக் கிடைக்காது.

இந்த நிலைமையில்தான் சிபிஎஸ் நிறுவனம் லூசில் பால் என்ற நடிகையிடம் வந்தது. 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற அவருடைய வானொலித் தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். லூசில் ஒரு நிபந்தனை விதித்தார். கணவனாக நடிப்பவர் தன் சொந்தக் கணவர் டெஸி அர்னாஸாக இருக்க வேண்டும். அர்னாஸ் கியூபாவிலிருந்து வந்த இசைக்குழுத் தலைவர். ஆங்கிலத்தில் ஸ்பானிய வாடை வீசும். அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படியொரு கணவனை மக்கள் நம்ப மாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. தம்பதி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1950-இல் ஊர் ஊராகப் போய் மேடையில் சேர்ந்து நடித்தார்கள். மக்கள் கைதட்டினார்கள். 'ஐ லவ் லூசி'க்கு வழி பிறந்தது.

அடுத்த தகராறு ஊரைப் பற்றியது. பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம்தான் ஸ்பான்சர். சிகரெட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கிழக்கே இருக்க, ஹாலிவுட்டிலிருந்து ஒளிபரப்பி அவர்களுக்கு மங்கல் நகலைக் காட்டுவதா என்று அந்த நிறுவனம் கேட்டது. லூசிலோ ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டேன் என்றார். அப்படியானால் சினிமாவைப் போலவே 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்துவிடலாம் என்று முடிவானது. செலவு ஏறியது. அதை ஈடுகட்டத் தம்பதி வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு எடுத்த படங்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, சிபிஎஸ் அதை விட்டுக்கொடுத்தது.

ஃபிலிமில் எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. சினிமாவில் ஒரே காட்சியைத் துண்டு துண்டாக, பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். லூசில் பாலுக்கோ எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரித்தால்தான் நடிப்பு சூடுபிடிக்கும். எனவே ஹாலிவுட்டின் ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோவில் சுமார் 300 பேர் அமரப் படிக்கட்டு இருக்கைகள் போட்டார்கள். நாடகம் போல முதலிலிருந்து கடைசிவரை நடித்துவிடுவது, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் அதைப் பிடிப்பது என்று திட்டம். பல கேமரா முறையை வேறு சிலர் முன்பே முயன்றிருந்தார்கள். அதை ஒரு குடும்ப நகைச்சுவைக்கு வாரந்தோறும் உழைக்கும் இயந்திரமாக்கியது இந்தக் குழு.

ஒளியமைப்புக்கு அழைக்கப்பட்டவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியின் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 'தி குட் எர்த்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். நிழலால் கதை சொல்லிப் பழகிய அவருக்கு இங்கே நேர்மாறான வேலை. நடிகை எந்த மூலைக்கு ஓடினாலும் மூன்று கோணத்திலும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். தரையில் விளக்கு நின்றால் கேமரா உருளாது. விளக்குகளையெல்லாம் மேலே ஏற்றி, அரங்கம் முழுக்கச் சீரான வெளிச்சம் பரவும்படி செய்தார் ஃபிராய்ண்ட். மூன்று சுருள்களையும் ஒருசேர ஓட்டிப் பார்க்கும் எடிட்டிங் இயந்திரத்துக்குக் குழுவினர் வைத்த பெயர் மூன்று தலை ராட்சசன்.

1951 அக்டோபர் 15 அன்று தொடர் தொடங்கியது. ஆறு சீசன்களில் நான்கில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. லூசில் நிஜமாகவே கருவுற்றபோது கதையிலும் லூசி கருவுற்றாள். 'கர்ப்பம்' என்ற சொல்லைத் திரையில் உச்சரிக்கக்கூடாது என்று தடை. ஸ்கிரிப்ட்டை ஒரு பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி மூவரும் படித்துச் சம்மதித்த பிறகே படப்பிடிப்பு. 1953 ஜனவரி 19 இரவு லூசிக்குக் குழந்தை பிறந்த எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடிப் பேர். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2.9 கோடி. பிரசவ ஓய்வுக் காலத்தில் பழைய எபிசோடுகளையே மறுபடி போட்டார்கள். மக்கள் அவற்றையும் விடாமல் பார்த்தார்கள். 1957-இல் அந்தப் படங்களின் உரிமையை அதே சிபிஎஸ் பெருந்தொகை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் தம்பதி ஆர்கேஓ ஸ்டுடியோவையே விலைபேசி வாங்கினார்கள். ஒரு காலத்தில் லூசில் பால் ஒப்பந்த நடிகையாக இருந்த இடம் அது.

எழுத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஆகிய மூவரும் ஒரு விதியை விடவில்லை: லூசி எவ்வளவு கிறுக்குத்தனம் செய்தாலும், அந்த இடத்துக்கு அவள் வந்து சேர்ந்ததற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். 1952-இல் வந்த சாக்லெட் தொழிற்சாலை எபிசோடில், வீட்டு வேலை கடினமா சம்பாதிப்பது கடினமா என்று கணவர்களோடு வாக்குவாதம். அதனால் லூசியும் தோழி எத்தெலும் வேலைக்குப் போகிறார்கள். அதனால்தான் நகரும் பட்டையில் வேகம் கூடக்கூட, சுற்ற முடியாத சாக்லெட்டை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்க நேர்கிறது. வாக்குவாதம் இல்லாமல் தொழிற்சாலை மட்டும் இருந்தால் அது வெறும் கோமாளிக்கூத்து. இத்தகைய சாகசங்களைக் காகிதத்தில் எழுதியதோடு மேடலின் பியூ நிற்க மாட்டார். ஒரு பெண்ணால் செய்ய முடிகிறதா என்று முதலில் தானே செய்து பார்ப்பார்.

அட்லாண்டிக்கின் அக்கரையில், பிரிட்டனில், வேறொரு பாடம் உருவாகிக்கொண்டிருந்தது. ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரு எழுத்தாளர்கள் 1962-இல் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' எழுதினார்கள். குதிரை வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் சேர்க்கும் காயலான் கடைக்காரர்கள், அப்பாவும் பிள்ளையும். பிள்ளைக்கு வயது நாற்பதை நெருங்குகிறது; படித்தவர்களோடு பழகவும் நாலு இடம் பார்க்கவும் ஆசை. அப்பா விட மாட்டார். முதல் கதையிலேயே பிள்ளை சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். குதிரை கிடைக்கவில்லை. தானே இழுக்கப் பார்க்கிறான், வண்டி அசையவில்லை. அழுது ஓய்ந்தவனை அப்பா உள்ளே கூட்டிப் போகிறார்.

இந்தப் பாத்திரங்களுக்கு ஜோக் சொல்லிப் பிழைக்கும் கோமாளிகளைத் தேடாமல், வில்ஃப்ரிட் பிராம்பெல், ஹாரி கார்பெட் என்ற நாடக நடிகர்களைப் போட்டார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். 1964 பொதுத் தேர்தல் அன்று மாலை இதன் மறு ஒளிபரப்பு இருந்தது. தொழிலாளர்கள் டி.வி. முன் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுப்போட வர மாட்டார்களே என்று லேபர் கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் பிபிசி தலைவரிடம் முறையிட, நேரத்தைத் தள்ளிவைத்தார்கள். வில்சன் சொற்ப வித்தியாசத்தில் வென்றார்.

வெளியே போக முடியாத மனிதன் என்ற அச்சாணியை இதைவிட இறுக்கமாகப் பூட்டியது 'ஃபால்டி டவர்ஸ்'. 1970-இல் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழு படப்பிடிப்புக்காக டார்க்கி என்ற கடலோர ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியது. விருந்தினர்களைத் தொல்லையாகவே கருதிய உரிமையாளரின் கடுகடுப்பைப் பார்த்து மற்றவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். குழுவில் ஒருவரான ஜான் கிளீஸ் மட்டும் தங்கி, கவனித்துக்கொண்டிருந்தார். அங்கே முளைத்ததுதான் பேசில் ஃபால்டி. மேல்தட்டு மக்கள் தன் ஹோட்டலுக்கு வர வேண்டும் என்ற ஏக்கம் அவனுக்கு. மனைவி சிபிலிடம் நடுக்கம். மொழி தெரியாத வெயிட்டர் மனுவேலிடம் அத்தனை ஆத்திரமும். ஹோட்டலையும் விட முடியாது, மனைவியையும் விட முடியாது.

ஸ்கிரிப்ட்டைப் படித்த பிபிசி அதிகாரி ஒருவர், அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள், இது படுதோல்வியாகத்தான் முடியும் என்ற பொருளில் குறிப்பு எழுதினார். கிளீஸும், இணைந்து எழுதிய கானி பூத்தும் ஓர் எபிசோடுக்குப் பல வாரம் செலவழித்தார்கள். வழக்கமான அரைமணி நேரத் தொடருக்கு எழுதுவதைவிட ஏறக்குறைய இரு மடங்குப் பக்கங்கள். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தம் பன்னிரண்டே எபிசோடுகள். 2000-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் பிரிட்டனின் தலைசிறந்த நூறு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான்.

முன்கூட்டிச் சொன்னது பொய்த்ததற்கு அமெரிக்காவிலும் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. பிரிட்டனின் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரைத் தழுவி நார்மன் லியர் எடுத்த முன்னோட்டப் படங்கள் இரண்டை ஏபிசி நிராகரித்தது. சிபிஎஸ் அதை 'ஆல் இன் தி ஃபேமிலி' என்று 1971 ஜனவரியில் வெளியிட்டபோது, முன்னெச்சரிக்கை அறிவிப்புப் போட்டதோடு, வசவுகளை வாங்கிக்கொள்ளத் தொலைபேசிக்குக் கூடுதல் ஆட்களையும் உட்கார வைத்தது. இனவெறி பேசும் மாமனாரும் முற்போக்கு பேசும் மருமகனும் ஒரே கூரையின் கீழ். மருமகனுக்குச் சாப்பாடும் அங்கேதான். வசவுகள் பெரிதாக வரவில்லை. ஆரம்பத்தில் பார்வையாளர்களும் பெரிதாக வரவில்லை. எம்மி விருதுகளும் கோடைக்கால மறு ஒளிபரப்பும் ஆட்களைக் கொண்டுவந்தன. பிறகு ஐந்து ஆண்டு அசையாமல் முதலிடம்.

'சியர்ஸ்' இன்னும் மோசமாகத் தொடங்கியது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பரோஸும் சார்லஸ் சகோதரர்களும் 'ஃபால்டி டவர்ஸ்' போல ஒரு ஹோட்டலைக் களமாக வைக்கத்தான் முதலில் யோசித்தார்கள். யோசனை நகர்ந்து பாஸ்டன் நகரத்து மதுக்கூடத்தில் வந்து நின்றது. 1982-இல் முதல் சீசன் தரவரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. அதை ஒளிபரப்பிய என்பிசி அப்போது மூன்றாம் இடத்தில் தவித்த நிறுவனம். தூக்கிவிட்டு வேறு எதைப் போடுவது என்பதற்கு அதனிடம் சரக்கும் இல்லை. பொறுத்துக்கொண்டது. தொடர் பதினொரு சீசன் ஓடியது. 1993-இல் கடைசி எபிசோடைச் சுமார் 8 கோடிப் பேர் பார்த்தார்கள். 'சைன்ஃபெல்ட்' 1989-இல் சோதனைப் பார்வையாளர்களிடம் 'பலவீனம்' என்ற சீட்டு வாங்கியது. நான்கு எபிசோடுகளுக்கு மட்டும் சிறப்பு நிகழ்ச்சிகளின் நிதியிலிருந்து பணம் ஒதுக்கி அதைப் பிழைக்க வைத்தார் ஒரு அதிகாரி. கட்டிப்பிடித்து அழக்கூடாது, எந்த நீதியும் கற்றுக்கொள்ளக்கூடாது என்பது தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் தன் எழுத்தாளர்களுக்கு வைத்த சட்டம். திருந்திவிட்டால் அடுத்த வாரக் கதைக்கு ஆள் ஏது?

எதிரே ஆட்களை உட்கார வைக்காமலும் சிரிப்பைச் சேர்க்கலாம் என்று 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சிபிஎஸ் ஒலிப்பொறியாளர் சார்லி டக்ளஸ், பதிவு செய்த சிரிப்புகளை விசை அழுத்தி எழுப்பும் பெட்டி ஒன்றைச் செய்தார். புன்சிரிப்பு, குபீர்ச் சிரிப்பு, அடங்கி மறுபடி வெடிக்கும் சிரிப்பு என எல்லாம் அதில் உண்டு. பல ஆண்டுகள் தொடர்களுக்கு அதுதான் வாடகைப் பார்வையாளர் கூட்டம். கொரியப் போர் மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' குழுவினர் அதை எதிர்த்தார்கள். அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டுமாவது போடுவதில்லை என்ற சமரசம் கிடைத்தது. பிபிசி அந்தச் சிரிப்பை முழுவதும் நீக்கியே ஒளிபரப்பியது. 2001-இல் வந்த பிரிட்டிஷ் 'தி ஆபிஸ்' சிரிப்பொலியே இல்லாமல் ஓடியது. மூன்று கேமராவும் இல்லை, படிக்கட்டு இருக்கைகளும் இல்லை. ஆனால் ஸ்லவ் என்ற ஊரின் காகித விற்பனை அலுவலகத்தில், தன்னை ரசிக்க ஆளில்லாத ஒரு மேலாளரும், ராஜினாமா செய்யத் துணியாத ஊழியர்களும் அடைபட்டுக் கிடந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

போதாமல் போன கதையும் ஒன்று உண்டு. 1986-இல் ஏபிசி, 75 வயது லூசில் பாலை 'லைஃப் வித் லூசி' என்ற புதிய தொடருக்கு அழைத்து வந்தது. ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் இருந்தார்கள். மேடலின் பியூவும் பாப் கேரலும் எழுத வந்தார்கள். பழைய பாணியிலேயே லூசி ஏணியில் ஏறினார், விழுந்தார். ஆனால் அவரைத் தடுக்க 'ஐ லவ் லூசி'யின் ரிக்கியைப் போன்ற கணவன் இல்லை. சேர்ந்து சிக்கிக்கொள்ள எத்தெலும் இல்லை. பேரக்குழந்தைகளோடு வாழும் அந்தப் பாட்டிக்குத் தப்பித்துப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் கதையில் இல்லை. வயதான பெண்மணிக்கு அடிபட்டுவிடுமோ என்ற கவலைதான் பார்ப்பவர்களுக்கு மிஞ்சியது. படமாக்கிய 13 எபிசோடுகளில் எட்டு மட்டுமே ஒளிபரப்பாக, அந்த நவம்பரிலேயே ஏபிசி தொடரை நிறுத்தியது.