ரிப்பன் பிரபு திறந்த பள்ளிக்கூடம்



நகராட்சி எதற்கு என்று கேட்டால், வரி வாங்க, சாக்கடை அள்ள என்பீர்கள். 1882 மே 18இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் வேறு மாதிரிச் சொன்னது: நிர்வாகம் சிறப்பதைவிட, மக்கள் தங்களைத் தாங்களே ஆளப் பழகுவதுதான் முக்கியம். வாத்தியாருக்கு இதைவிடப் பிடித்த பேச்சு உண்டா!

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி. அதே காலத்தில் ஈரோட்டில் பெரியார். ஊருக்குக் குடிநீர் கொண்டுவர என்ன பாடு என்று பார்த்த பிறகுதான் இருவரும் நாடறிந்த தலைவர்கள் ஆனார்கள்.

நாமோ பள்ளியையே பூட்டி வைத்தோம். 1986க்குப் பின் 1996 வரை நகராட்சித் தேர்தல் இல்லை. ஐந்தாண்டுக்கொரு தேர்தல் கட்டாயம் என்ற 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவில் தனி அலுவலரின் கையெழுத்தே தீர்மானம்.

மார்ச்சில் உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரலிலேயே சொத்து வரி உயர்வு. நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைத் திருத்த வேண்டும் என்பது நிபந்தனை. நாற்காலி சூடாகும் முன்பே கை தூக்க வேண்டியதாயிற்று, பாவம்!

சரி, உங்கள் வார்டு உறுப்பினர் யாரென்று தெரிந்தவர்கள் கீழே 'உள்ளேன் ஐயா' போடுங்கள், பார்ப்போம்.