டப்பாவில் அடைத்த புரதம்

மதுரை நகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ள பழங்காநத்தத்தில் வாழ்பவன் நான். கர்லாக் கட்டையைச் சுழற்றி உடலை வளர்த்த தலைமுறை ஒன்று இப்பக்கத்தில் இருந்தது. இன்று உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர்கள் புரதப் பொடி அடைத்த பெரிய டப்பாக்களை வாங்கிச் செல்வதைக் காண்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவர், "ஐயா, இதற்குள் இருப்பதுதான் என்ன?" என்று என்னைக் கேட்டார். வேதியியல் ஆசிரியர் சொல்லவேண்டிய விடை இது என்று முதலில் தோன்றியது. ஆராய்ந்து பார்த்தபோது அதில் வேதியியலைவிட வரலாறே மிகுதியாக இருந்தது.

டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்: நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு புரதம் என்று. அந்த எண் எவ்வாறு பிறந்தது? டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் என்னும் பீர் ஆலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்பவர் பணியாற்றினார். பீர் வடிக்கும் வாற்கோதுமையில் எவ்வளவு புரதம் உண்டு என்று அறிவது அவருடைய தேவை. 1883-இல் அவர் ஒரு வழி கண்டார். உணவுப் பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி அளப்பது அம்முறை. புரதத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் உண்டு. ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு வந்துவிடும். எளிய முறை, நெடுங்காலமாக உலகெங்கும் கையாளப்படும் முறை. ஆயினும் இம்முறை புரதத்தை நேரே காண்பதில்லை. புரதத்தின் நிழலையே அளக்கிறது. நைட்ரஜன் உள்ள வேறு எந்தப் பொருளும் அந்நிழலை வீழ்த்த வல்லது.

அதனால் விளைந்த கேட்டை 2008-இல் சீன நாடு கண்டது. பாலில் தண்ணீரைக் கலந்தவர்கள், சோதனையில் அகப்படாமலிருக்க மெலமைன் என்னும் பொருளைச் சேர்த்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் பொருள் அது, உணவே அன்று. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைனைச் சேர்த்தால், கெல்டால் கணக்கு நான்கு கிராமுக்கு மேல் புரதம் என்று காட்டும்! அந்தப் பாலிலிருந்து செய்த மாவை உண்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கற்கள் தோன்றின. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. இவ்வளவு கொடிதாக இல்லாவிடினும், அதே வழியைச் சார்ந்த சிறு சூழ்ச்சியொன்று புரதப் பொடி வாணிகத்திலும் உண்டு. கிளைசின், டாரின், கிரியேட்டின் போன்ற மலிவான பொருள்களைக் கலந்து நைட்ரஜன் கணக்கை உயர்த்திக் காட்டுவதே அது. இவை நஞ்சல்ல, ஆனால் வாங்குபவர் விலை கொடுப்பது புரதத்திற்கு அன்றோ?

இனி, உள்ளிருக்கும் பொருளைப் பார்ப்போம். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் வெளிறிய நீர் ஒன்று எஞ்சும். அதற்கு 'வே' என்று பெயர். பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் கட்டியோடு போய்விடும். மீதி ஒரு பங்கு இந்த நீரில் தங்கும். மேனாட்டுப் பால் ஆலைகள் இதனைப் பன்றிக்கு ஊற்றின, ஆற்றிலும் விட்டன. 1970-களில் மிக நுண்ணிய சல்லடைத் தாள்களால் நீரையும் பால்சர்க்கரையையும் பிரித்தெடுக்கும் முறை ஆலைகளுக்குள் வந்தது. அதன்பின் கழிவு சரக்காயிற்று. சோயாப் பொடியின் கதையும் இதுவே: எண்ணெய் எடுத்தபின் நிற்கும் சக்கையே அதன் மூலம். புரதப் பொடியின் குலம் கோத்திரம் கேட்டால், பெரும்பாலும் அது ஒரு மிச்சத்தின் பிள்ளை. நான் இதை இழிவாகச் சொல்லவில்லை. மிச்சத்தை வீணாக்காமல் உணவாக்கியது அறிவின் வெற்றியே.

அவ்வெற்றியை நம் நாடும் நாடிற்று. செக்கில் கடலையை ஆட்டியபின் நிற்கும் புண்ணாக்கை நம் உழவர் மாட்டுக்கு வைப்பர். 1950-இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், டாக்டர் வி. சுப்பிரமணியன் தலைமையில், அக்கடலையை மனிதர் உண்ணும் மாவாக்க முனைந்தது. எண்ணெய் நீக்கிய தூய நிலக்கடலை மாவு 75 பங்கு, கொண்டைக்கடலை மாவு 25 பங்கு, அவற்றோடு வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும். 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்பது அதன் பெயர். நூற்றுக்கு ஏறக்குறைய 42 பங்கு புரதம் கொண்டது. தசையை முறுக்கேற்ற அன்று, ஏழைக் குழந்தையின் கஞ்சியில் கலக்க எழுந்த பொடி அது என்பதை இன்றைய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன. பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் படர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. அதற்கு அஃபிளாடாக்சின் என்று பெயரிட்டனர். ஈரம் உலராத கடலையில் அப்பூஞ்சை எங்கும் வளரும். எனவே கடலை மாவைக் குழந்தைக்கு ஊட்டுமுன் அந்நஞ்சையும் சோதிக்கவேண்டிய கடமை உண்டாயிற்று.

புரதத்தின்மேல் இத்தனை ஆர்வம் ஏன் எழுந்தது? அதன் ஒரு வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1920-களில் எலிகளைப் பல குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் ஊட்டினார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட சீக்கியர் உணவில் எலிகள் கொழுத்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவில் அவை நலிந்தன. மக்காரிசன் சுட்டிய குறை புரதம் ஒன்று மட்டும் அன்று. ஆனால் 1950, 60-களில் உலகின் கவலை முழுவதும் புரதத்தின்மேல் குவிந்தது. 1968-இல் ஐக்கிய நாடுகள் அவையே 'புரத நெருக்கடி' பற்றி அறிக்கை வெளியிட்டது.

அக்கருத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராக இருந்தவர். நலிந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே கூடுதலாகக் கொடுத்து, அவர்கள் நன்கு வளர்ந்ததை அவரும் அவருடன் உழைத்தவர்களும் 1973-இல் வெளியிட்டனர். வயிறு நிறையாத உடலில் புரதம் சதையாவதில்லை, விறகாக எரிந்துபோகிறது. கணக்கு இவ்வளவுதான், ஆனால் இதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

மாணவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். டப்பாவின் முகத்தில் உள்ள எண்ணை விடுத்து, பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். எடையில் மிகுந்தது முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதலில் 'வே' அல்லது சோயா இருந்தால் நன்று. மால்டோடெக்ஸ்ட்ரின் முன்னால் நின்றால் அது பெரும்பகுதி மாவுச்சத்து. லெசித்தின் பொடி நீரில் கலங்குவதற்கு, சுக்ரலோஸ் இனிப்பதற்கு. கிளைசின் தனியே இருந்தால் அது ஏன் அங்கே என்று கேளுங்கள். பிறகு உங்கள் தேவையையும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், அறுபது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம். அரிசிக்குக் குறைந்த லைசினை உளுந்து தருகிறது. உளுந்துக்குக் குறைந்த மெத்தியோனினை அரிசி தருகிறது. இட்லி அவ்விரண்டும் கூடிய உணவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடல் வளர்ப்பதற்காகப் புரதப் பொடியை நாடவேண்டாம் என்றே கூறுகிறது.

மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு வடக்கே உள்ள கொட்டாம்பட்டியில் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது. அங்கும் ஒரு பொடி இருந்தது. தானிய மாவும் பயறு மாவும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்தார்கள். ஆயினும் எல்லாருக்கும் கொடுத்துவிடவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, அட்டையில் கோடு வரைந்தனர். கோடு உயராத குழந்தைக்கு மட்டும் உருண்டை. மூன்று மாதம் உண்டு கோடு மேலே ஏறியதும், உருண்டையை நிறுத்திவிட்டனர்.