ஆலை நகரத்தின் இசைக் கழகம்

இசை வளர்வதற்கு அரண்மனையும் பிரபுக்களின் ஆதரவும் இன்றியமையாதன என்று கருதுவோர் பலர். இக்கருத்து முற்றும் பொருந்தாதென்பதற்கு, இங்கிலாந்தின் வடபாகத்திலே யோர்க்சயர்ப் பகுதியிலுள்ள ஹடேர்ஸ்பீல்ட் நகரின் கூட்டிசைக் கழகம் தக்க சான்றாகும்.

ஹடேர்ஸ்பீல்ட், கம்பளி நெசவுக்குப் பேர்போன நகர். அங்கே 1836ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதி, விடுதியொன்றிலே 16 பேர் கூடி இக்கழகத்தைத் தாபித்தனர். மாதந்தோறும் பூரணையை ஒட்டிக் கூடுதல் வேண்டுமென்பது அவர்தம் ஆதி விதிகளுள் ஒன்று. இராக்காலத்தில் நெடுவழி நடந்து வீடு திரும்புவோர்க்கு நிலவொளியே விளக்காயிருந்தது.

அவ்விதிகள் யாவும் போற்றத்தக்கனவல்ல. சமதர்மவாதிகளின் கூட்டங்களுக்குச் செல்வோர் அங்கத்தவராதல் கூடாதென்றும், அன்னார்க்கு இசைப் பிரதிகள் இரவல் கொடுத்தலாகாதென்றும் 1842இல் ஒரு விதி எழுந்தது. பலர் குரலை ஒன்றாக்க வந்த கழகமே சிலர் குரலை விலக்க முற்பட்டமை, காலத்தின் அச்சத்தைக் காட்டுகின்றது.

ஆயினும் இசையைப் பொதுமக்களிடம் சேர்த்த சக்திகள் அவ்வச்சத்திலும் வலியனவாயிருந்தன. இலண்டன் நகர நொவெல்லோ பதிப்பகத்தார் பெரும் இசை நூல்களை மலிவு விலையில் அச்சிட்டனர். சாரா குளோவர் அம்மையார் வகுத்த முறையைத் தழுவி ஜோன் கேர்வன் என்பார் விருத்தி செய்த 'ரொனிக் சொல்ஃபா' முறை, நமது ச ரி க ம போலச் சுரங்களை எழுத்துக்களாற் குறித்தது. கோடுகளிற் பொறித்த இசைக்குறியீட்டைப் பயிலாத தொழிலாளரும் இவ்வழியே பாடக் கற்றனர்.

1881இல் நகர மண்டபம் திறக்கப்பட்டபின், அதுவே கழகத்தின் இசையரங்காயிற்று. ஹண்டெல் 1741இல் இயற்றிய 'மெசையா' ஆண்டுதோறும் நத்தார்க் காலத்தில் அங்கு பாடப்பட்டு வருகின்றது. மல்கம் சார்ஜன்ற் 1932 முதல் 1967 வரை இக்கழகத்தை நெறிப்படுத்தினார். அவர் தலைமையில் 1946இல் இவர்கள் பாடிய 'மெசையா' இசைத்தட்டாக வெளிவந்து, இச்சிறு நகரின் பெயரை எங்கும் பரப்பிற்று.

இத்தனை புகழ் வந்தபோதும் பாடுவோர் ஊதியம் பெறும் கலைஞரல்லர். பகலிலே தத்தம் தொழில் செய்து, மாலையிற் பயிற்சிக்கு வருவோரே. ஆயினும் குரற்சோதனையில் தேறாதவர்க்கு இடமில்லை. அன்பினாற் பாடுதல் வேறு, அக்கறையின்றிப் பாடுதல் வேறு என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே நகரின் நெசவாலைகள் பல ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஆலைகள் ஓய்ந்தபின்னும் அவ்வூரின் பாட்டு ஓயவில்லை. இன்றும் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒன்றுகூடிப் பாடுகின்றனர். செல்வம் ஊரைவிட்டு நீங்கலாம். ஊரார் தாமே கூடிப் பயின்று, அடுத்த தலைமுறைக்குக் கையளித்த கலை எளிதில் நீங்காது. சங்கங்களை நடத்தும் இளைஞர் சிந்தித்தற்குரிய செய்தி இதுவன்றோ!